அந்திவண்ண அந்துப்பூச்சியும் அதன் நான்கு செடிகளும்

உலகின் அழகான பூச்சிகள் என்று யார் பட்டியல் போட்டாலும் மடகாஸ்கரின் அந்திவண்ண அந்துப்பூச்சி அதில் தவறாமல் இடம்பிடிக்கும். படத்தைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அடடா, எவ்வளவு அழகான பட்டாம்பூச்சி!" உடனே ஒருவர் "பட்டாம்பூச்சி இல்லை, அந்துப்பூச்சி" என்று திருத்துவார். அதோடு பேச்சு முடிந்துவிடும். அடுத்த படத்துக்குப் போய்விடுவோம்.

எனக்கு இதில் தீராத மனக்குறை உண்டு. நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை இறக்கையை விரித்து ஊசி குத்தி, வெள்ளைப் பின்னணியில் வைத்து எடுத்தவை. பூச்சியைச் சுற்றி ஒரு இலைகூட இருக்காது. அது எந்தக் காட்டில் வாழ்கிறது, எதைத் தின்று வளர்கிறது, ஏன் அந்தத் தீவில் மட்டும் இருக்கிறது என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை. பல ஆண்டுகளாக இந்தப் பூச்சியைப் பற்றித் தேடித்தேடிப் படித்துவருகிறேன். படிக்கப்படிக்க இறக்கையை விட்டு அது முட்டையிடும் செடியின் மேல்தான் என் கவனம் போகிறது. இந்தக் கட்டுரையும் அந்தத் திசையில்தான் போகும். ஆனாலும் இறக்கையைச் சொல்லாமல் தொடங்க முடியாது.

இதன் அறிவியல் பெயர் கிரைசிரிடியா ரைஃபியஸ். ஆங்கிலத்தில் சன்செட் மாத் என்கிறார்கள். குடும்பம் யூரேனிடே. விரித்த இறக்கையின் அகலம் வழக்கமாக 7 முதல் 9 செ.மீ. இருக்கும், சில இன்னும் பெரியவை. இறக்கையின் அடிநிறம் கறுப்பு. முன்னிறக்கையின் குறுக்கே பளிச்சென்ற பச்சைப் பட்டைகள் ஓடுகின்றன. சில கோணங்களில் அவை மஞ்சளுக்கும் நீலத்துக்கும் சாய்கின்றன. பின்னிறக்கையில்தான் அந்தி வானம் இருக்கிறது. மேல்பகுதி பச்சையும் நீலமும். உடலை ஒட்டிய கீழ்ப்பகுதியில் செம்பு, பொன், கருஞ்சிவப்பு, ஊதா எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று கரைந்துநிற்கும். நடுவே கறுப்புப் புள்ளிகள். ஓரம் முழுக்க வெள்ளை மயிரிழைக் கரை. பின்னிறக்கை ஒவ்வொன்றிலும் வழக்கமாக ஆறு வால்கள். பறந்து திரியும்போது இந்த வால்கள் ஒடிந்து உதிர்ந்துவிடுவதால், சில நாள் வாழ்ந்துவிட்ட பூச்சியில் அவை முழுசாக இருப்பது அபூர்வம்.

இடது இறக்கையும் வலது இறக்கையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்பதும் எனக்குப் பிடித்த விஷயம். கறுப்புப் பட்டை ஒரு பக்கம் இரண்டாகப் பிரிந்திருக்கும், மறுபக்கம் ஒன்றாகவே ஓடியிருக்கும். புள்ளிகளும் இடம் மாறியிருக்கும். நல்ல தெளிவான படம் கிடைத்தால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பட்டாம்பூச்சி என்று நினைப்பதில் தவறே இல்லை. பகலில் பறக்கிறது, பூவில் தேன் குடிக்கிறது, ஓய்வெடுக்கும்போது இறக்கைகளை முதுகின் மேல் நிமிர்த்திச் சேர்த்துக்கொள்கிறது. அப்போது தெரியும் அடிப்புறமும் மங்கல் இல்லை; உலோகப் பளபளப்புள்ள நீலப்பச்சையில் கறுப்புப் புள்ளிகள் இறைந்திருக்கும். உணர்கொம்பைப் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்திருக்கும். இதற்கு நூல்போல நீண்டு நுனியில் மெலிகிறது.

இனி நிறம். கறுப்புக்குக் காரணம் மெலனின் நிறமி. மற்ற நிறங்கள் எதற்கும் அங்கே நிறமி கிடையாது. இறக்கையை மூடியிருக்கும் நுண்ணிய செதில்களுக்குள் கைட்டின் என்ற கடினப் பொருளாலான தகடும் காற்று இடைவெளியும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு தகட்டிலும் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது சில நிறங்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. சோப்புக் குமிழியில் நிறம் ஓடுவதும் இதே குறுக்கீட்டு விளைவால்தான். அடுக்கின் தடிமன் சற்று மாறினால் பச்சை நீலமாகும், நீலம் செம்பாகும்.

இதுவரை சொன்னது வேறு பல பூச்சிகளுக்கும் பொருந்தும். அந்திவண்ணப் பூச்சியின் தனித்தன்மை செதிலின் வடிவத்தில் இருக்கிறது. அதன் செதில்கள் தட்டையாக இல்லாமல் வளைந்திருக்கின்றன. வளைவில் விழும் ஒளி, இடத்துக்கு இடம் வேறு கோணத்தில் பட்டுத் திரும்புகிறது. அதில் ஒரு பகுதி நம் கண்ணுக்கு நேரே வருகிறது. இன்னொரு பகுதி பக்கத்துச் செதிலின் சரிவில் மோதி, அங்கிருந்து இரண்டாம் முறையாகத் திரும்பி வருகிறது. இந்த இரண்டு ஒளிகளும் வெவ்வேறு நிறம். இரண்டும் கலந்துதான் கண்ணுக்குத் தெரிகின்றன. இரண்டு முறை திரும்பிய ஒளி தளவிளைவுக்கு உள்ளானது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிர்கின்றன. ஆகையால் தளவிளைவுக் கண்ணாடி ஒன்றை முன்னால் பிடித்துச் சுழற்றினால் இறக்கையின் சில இடங்கள் நிறம் மாறுகின்றன. ஜப்பானிய இயற்பியலாளர்களான யோஷியோகாவும் கினோஷிட்டாவும் 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை விரிவாக ஆராய்ந்து விளக்கினார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்த மாதிரி ஒன்றை ஒருமுறை நேரில் பார்த்தபோது நான் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றேன். எந்தப் புகைப்படமும் இதற்கு ஈடாகாது. புகைப்படம் ஒரு கோணத்தை மட்டும்தான் பிடிக்கும். இந்த நிறமோ பார்ப்பவர் நகரும்போதுதான் முழுமையடைகிறது.

நூறாண்டு பழைய மாதிரியிலும் இந்த நிறம் மங்காமல் இருப்பதற்கு நிறமி இல்லாததே காரணம். வெளுத்துப்போக அங்கே சாயம் எதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இந்த இறக்கைகளை நகைகளில் பதித்து அணிந்தார்கள்.

இவ்வளவு பளபளப்போடு பட்டப்பகலில் திறந்தவெளியில் பறக்கும் பூச்சியைப் பறவைகள் ஏன் விட்டுவைக்கின்றன? பூச்சி நஞ்சுள்ளது என்பதே காரணம். நிறம் ஒரு எச்சரிக்கை. அந்த நஞ்சைப் பூச்சி தானாகத் தயாரிப்பதில்லை, புழுவாக இருந்தபோது தின்ற செடியிலிருந்து சேர்த்துவைத்துக்கொள்கிறது. கதை இங்கேதான் செடிக்கு வந்து சேர்கிறது.

செடியின் பெயர் ஓம்ஃபாலியா. ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த பேரினம்; உலகம் முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 20 இனங்கள்தான். சில மரங்கள், சில பெருங்கொடிகள். உடைத்தால் பிசுபிசுப்பான பால் வடியும். இலையும் காம்பும் சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும் சுரப்பிகள் இருக்கும். எறும்புகள் அதைத் தேடி வரும். இலையிலோ சர்க்கரை மூலக்கூறைப் போலவே வடிவமுள்ள நைட்ரஜன் சேர்மங்கள் இருக்கின்றன. சர்க்கரையை உடைக்கும் நொதிகள் இவற்றைச் சர்க்கரை என்று ஏமாந்து பற்றிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகின்றன. தின்ற விலங்கின் செரிமானம் குலைகிறது. பால், எறும்பு, நஞ்சு என்று மூன்று காவல் போட்ட செடி.

அந்திவண்ணப் பூச்சியின் புழு இந்தச் செடியைத் தவிர வேறெதையும் தின்னாது.

தாய்ப்பூச்சி ஏறத்தாழ 80 முட்டைகளைக் கூட்டமாக, பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில் இடுகிறது. பொரிந்து வரும் இளம்புழு நரம்புகளைக் கடிப்பதில்லை. நரம்புகளுக்கு இடையிலுள்ள மெல்லிய சதையை மட்டும் சுரண்டித் தின்கிறது. நரம்பைக் கடித்தால் பால் பீறிட்டு வந்து அந்தச் சின்ன வாயை ஒட்டிவிடும். பிறந்த அன்றே புழுவுக்கு இது தெரிந்திருக்கிறது. வளர்ந்த பிறகு இந்தத் தயக்கம் போய்விடுகிறது. இலை, பூ, காய், பற்றுச்சுருள், இளந்தண்டு எல்லாமே உணவுதான்.

புழுவும் பார்க்க அழகு. வெளிர்மஞ்சள் உடல், கறுப்புப் புள்ளிகள், சிவந்த கால்கள், நுனி தடித்த கறுப்பு மயிர்கள். முதல் நாளிலிருந்தே வாயிலிருந்து பட்டிழை விடுகிறது. வழுக்கும் இலைமேல் பிடிமானத்துக்கு அந்த இழை உதவும். காற்றில் தவறி விழுந்தால் அதையே பற்றித் திரும்ப ஏறிக்கொள்ளும். முழுதாக வளர்ந்ததும் மஞ்சள் நிறத்தில், வலைபோல இடைவெளி விட்ட கூடு ஒன்றைப் பின்னி உள்ளே கூட்டுப்புழுவாகிறது. மூன்று வாரத்தை ஒட்டிப் பூச்சி வெளிவரும். செடியிடமிருந்து சேர்த்த நஞ்சு கூட்டுப்புழுவிலும் இருக்கிறது, வளர்ந்த பூச்சியிலும் இருக்கிறது. வளர்ந்த பூச்சி வெள்ளை, வெளிர்மஞ்சள் பூக்களின் தேனைக் குடித்தே வாழ்கிறது. இலையை அது தொடுவதில்லை. பறந்துபோகும்போது செடியின் காவலை மட்டும் உடலுக்குள் கொண்டுபோகிறது.

இனி வரைபடத்தை விரிக்கலாம். மடகாஸ்கரில் ஓம்ஃபாலியா நான்கு இனங்கள் இருக்கின்றன. பால்மேட்டா, ஆக்ஸிடென்டாலிஸ், அங்காரனென்சிஸ் என்ற மூன்றும் தீவின் மேற்கிலும் வடக்கிலுமுள்ள வறண்ட இலையுதிர் காடுகளில் வளர்பவை. அங்காரனென்சிஸின் பெயரிலேயே வடக்கே உள்ள அங்காரனா சுண்ணாம்புப் பாறைப் பகுதி இருக்கிறது. நான்காவது இனமான ஆப்போசிட்டிஃபோலியா கிழக்குக் கரையோர மழைக்காட்டைச் சேர்ந்தது. அது இலை உதிர்ப்பதில்லை.

மடகாஸ்கரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு மேட்டுநிலம் ஓடுகிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தைக் கிழக்குச் சரிவிலேயே கொட்டிவிடுவதால் அங்கே ஆண்டு முழுக்க மழை. மேற்கே மழைக்காலம் முடிந்ததும் மாதக்கணக்கில் வறட்சி. மழை பெய்தால் மேற்கிலுள்ள மூன்று செடிகளும் தளிர்க்கின்றன, பூச்சிகள் பெருகுகின்றன. வறட்சி தொடங்கியதும் செடிகள் இலை உதிர்த்துவிடுகின்றன. முட்டையிட இலை இல்லாத இடத்தில் அந்துப்பூச்சிக்கு வேலை இல்லை. அது மேட்டுநிலத்தைக் கடந்து கிழக்கே, பசுமை மாறாத நான்காவது செடியைத் தேடிப் போகிறது. மழை திரும்பினால் மேற்கே வருகிறது.

கையேடுகளில் "பரவல்: மடகாஸ்கர் முழுவதும்" என்று ஒரே வரியில் போட்டிருப்பார்கள். அது உண்மைதான், ஆனாலும் அந்த வரியை ஏற்க எனக்கு மனம் வருவதில்லை. முழுத்தீவிலும் ஒரே நேரத்தில் சமமாகப் பரவியிருப்பதுபோல அது நினைக்க வைக்கிறது. உண்மையில் இந்தப் பூச்சியின் பரவல் பருவத்தோடு இடம்பெயரும் ஒன்று. நான்கு செடிகளும் வளரும் இடங்களை நான்கு நிறத்தில் வரைந்து, அவற்றுக்கிடையே அம்புக்குறிகள் போட்டால்தான் அந்த வரைபடம் சரியாகும்.

இந்தப் பூச்சியை முதன்முதலில் விவரித்தவருக்கு அது எந்தத் தீவிலிருந்து வந்தது என்பதே தெரியாது. லண்டனில் வெள்ளிக் கொல்லராக இருந்த ட்ரூ ட்ரூரி பூச்சி சேகரிப்பில் பெரும் ஆர்வம் கொண்டவர். கப்பல்காரர்கள் வழியாக உலகின் பல மூலைகளிலிருந்தும் மாதிரிகளை வரவழைத்தார். ஹாம்பர்க்கைச் சேர்ந்த மே என்ற கப்பல் தலைவர் மூலம் இந்தப் பூச்சி அவருக்குக் கிடைத்தது. சீனாவிலிருந்தோ வங்காளத்திலிருந்தோ வந்தது என்று சொல்லப்பட்டது. ட்ரூரி 1773-இல் அதைப் பட்டாம்பூச்சியாகவே கருதி பாபிலியோ ரைஃபியஸ் என்று பெயரிட்டார். ஏறத்தாழ 50 ஆண்டுகள் கழித்து ஜெர்மன் பூச்சியியலாளர் யாக்கோப் ஹுப்னர் இதை அந்துப்பூச்சிகளோடு சேர்த்து, கிரைசிரிடியா என்ற பேரினத்தில் வைத்தார். 1831-இல் லெஸோன் என்ற பிரெஞ்சு அறிஞர் மடகாஸ்கரின் பெயரையே சேர்த்து இன்னொரு பெயர் சூட்டினார். முந்திய பெயருக்கே முன்னுரிமை என்ற விதிப்படி ரைஃபியஸ் நிலைத்தது. ஊசி குத்திய பூச்சியோடு ஒரு இலையையும் அந்தக் கப்பல் கொண்டுவந்திருந்தால் தாவரவியலாளர் யாராவது ஊரைக் கண்டுபிடித்திருக்கக்கூடும்.

செடிக்கும் பூச்சிக்கும் உள்ள உறவு மடகாஸ்கரோடு நிற்கவில்லை. இந்தப் பூச்சியின் உறவினர்கள் உலகத்தில் எங்கெங்கே இருக்கின்றன என்று பார்த்தபோதுதான் நான் இந்த விஷயத்தில் முழுதாக விழுந்தேன்.

கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில், கென்யா, தான்சானியா, சான்சிபார் பகுதிகளில் கிரைசிரிடியா குரோசஸ் வாழ்கிறது. கிட்டத்தட்ட அதே நிறங்கள். புழுவின் உணவு அங்குள்ள ஓம்ஃபாலியா. உலகின் மறுபக்கத்தில், மெக்சிகோவிலிருந்து அமேசான் வரையிலும் கரீபியத் தீவுகளிலும் யூரேனியா என்ற பேரினம். கறுப்பில் பச்சைப் பட்டைகள், வால்கள், பகலில் பறத்தல் என்று எல்லாம் அப்படியே. புழுவின் உணவும் ஓம்ஃபாலியாதான். கிழக்கே போனால் இந்தோனேசியாவின் மொலுக்காஸ் தீவுகள், நியூ கினி, சாலமன் தீவுகள், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வரை ஆல்சிடீஸ் என்ற பேரினம். குயின்ஸ்லாந்தில் வாழும் ஆல்சிடீஸ் மெட்டாரஸின் புழுவும் ஓம்ஃபாலியாவைத்தான் தின்கிறது.

இந்த உறவைப் பற்றிய பழைய பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது கியூபாவில் எழுதப்பட்டது. அடிமை வணிகத்தை ஒழிப்பதற்காக ஹவானாவில் அமைந்த பிரிட்டிஷ்–ஸ்பானிய நடுவர் மன்றத்தில் பணியாற்றிய வில்லியம் ஷார்ப் மெக்லே சிறந்த பூச்சியியலாளரும்கூட. கியூபாவின் யூரேனியாவைப் புழுப் பருவத்திலிருந்தே கவனித்து, ஓம்ஃபாலியாவோடு சேர்த்து 1834-இல் எழுதினார். இறந்த மாதிரிகளை வைத்து வகைப்படுத்துவதே பெரும் வேலையாக இருந்த காலத்தில், உயிருள்ள புழுவையும் அது தின்ற இலையையும் அவர் சேர்த்துப் பார்த்தார். பூச்சியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இன்றும் இல்லை என்றே நினைக்கிறேன்.

பிறகு பனாமா. யூரேனியா ஃபுல்ஜென்ஸ் சில ஆண்டுகளில் பெருங்கூட்டமாக மத்திய அமெரிக்காவைக் கடந்து போகும். சில ஆண்டுகளில் கண்ணிலேயே படாது. ஸ்மித்சோனியன் வெப்பமண்டல ஆய்வு நிறுவனத்தின் நீல் ஸ்மித் இந்தக் கூட்டங்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து, 1983-இல் ஒரு விளக்கம் சொன்னார். புழுக்கள் தலைமுறை தலைமுறையாக ஒரே கொடியைத் தின்றுகொண்டே இருந்தால் கொடி தன் நஞ்சைக் கூட்டிக்கொள்கிறது. ஒரு கட்டத்தில் நஞ்சுக்குப் பழகிய புழுவே தாங்காத அளவுக்கு அது ஏறிவிடுகிறது. அப்போது அந்த வட்டாரமே பூச்சிக்கு ஆகாததாகிவிடுகிறது. வளர்ந்த பூச்சிகள் இதுவரை அதிகம் தின்னப்படாத கொடிகளைத் தேடிக் கிளம்பிவிடுகின்றன. விட்டுச்சென்ற கொடி மெல்லமெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது.

மடகாஸ்கரில் மழையும் வறட்சியும் பூச்சியை நகர்த்துகின்றன. பனாமாவில் செடியே பூச்சியை விரட்டுகிறது என்கிறார் ஸ்மித். மடகாஸ்கரிலும் நஞ்சின் ஏற்றத்தாழ்வுக்கு ஒரு பங்கு இருக்கலாம். 1991-இல், இந்தப் பூச்சிகள் எல்லாம் அடங்கிய யூரேனினே உட்குடும்பத்தின் உணவுத்தாவரங்களைத் தொகுத்த கட்டுரையைப் பூச்சியியலாளர் டேவிட் லீஸும் நீல் ஸ்மித்தும் சேர்ந்துதான் எழுதினார்கள். மடகாஸ்கரையும் பனாமாவையும் ஒரே கேள்வியின் கீழ் கொண்டுவந்த கட்டுரை அது.

நியூ கினியில் நடப்பதையும் சொல்லாமல் போகமுடியாது. பட்டாம்பூச்சியைப்போல இருக்கும் அந்துப்பூச்சி என்று இவ்வளவு நேரம் பேசினோம் அல்லவா? அங்கே பாபிலியோ லாக்லைசி என்ற உண்மையான பட்டாம்பூச்சி ஒன்று, ஆல்சிடீஸ் அகாதிர்சஸ் என்ற அந்துப்பூச்சியைப்போல வேடமிட்டிருக்கிறது. நஞ்சுள்ளது அந்துப்பூச்சி, அதன் தோற்றத்தைக் கடன் வாங்கினால் பறவைகளிடமிருந்து பட்டாம்பூச்சி தப்பிக்கலாம். அந்துப்பூச்சியின் வயிற்றின் அடிப்புறம் ஆரஞ்சு நிறம். பட்டாம்பூச்சியின் வயிற்றில் அந்த நிறம் இல்லை. அதற்குப் பதிலாகப் பின்னிறக்கையின் அடிப்புறத்தில், வயிற்றை ஒட்டி வரும் இடத்தில் ஒரு ஆரஞ்சுத் திட்டு இருக்கிறது. கீழிருந்து பார்க்கும் பறவைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இந்த உட்குடும்பத்தில் இரவில் பறப்பவையும் உண்டு. லைசா ஜாம்பா இந்தியாவின் வடகிழக்கிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை வாழும் பெரிய, பழுப்பு நிறப் பூச்சி. குறுக்கே ஒரு வெள்ளைப் பட்டை மட்டும் இருக்கும். 2014-இல் சிங்கப்பூரில் ஏராளமாகப் பெருகி விளக்குகளைத் தேடி வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதன் புழு தின்பது எண்டோஸ்பெர்மம் மரம். அதுவும் ஆமணக்குக் குடும்பமே.

ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்ற வரிசையைப் பார்த்ததும் பலருக்கும் கோண்டுவானா என்ற பழம்பெரும் கண்டம் நினைவுக்கு வரும். ஒரே கண்டமாக இருந்தபோது செடியும் பூச்சியும் சேர்ந்து வாழ்ந்தன, நிலம் பிளந்தபோது பிரிந்துபோயின என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். எனக்கும் அது பிடித்திருந்தது. காலக்கணக்குத்தான் ஒத்துவரவில்லை. மடகாஸ்கர் ஆப்பிரிக்காவை விட்டுப் பிரிந்தது ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தியாவை விட்டுப் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. ரைஃபியஸும் குரோசஸும் அவ்வளவு காலம் பிரிந்திருந்தவை என்று நம்ப முடியாத அளவுக்கு ஒன்றுபோல இருக்கின்றன. அவற்றின் மூதாதையர் பிளவுக்கு வெகுகாலம் பின்னரே, குறுகிய இடத்திலும் 400 கிலோமீட்டர் அகலமுள்ள மொசாம்பிக் கால்வாயைக் கடந்திருக்க வேண்டும். நாடு விட்டு நாடு கூட்டமாகப் போகும் இனத்துக்கு இது முடியாத காரியம் இல்லை. தென் அமெரிக்க நிலப்பகுதியிலிருந்து யூரேனியா லைலஸ் கடல் தாண்டி டிரினிடாட் வருவதைப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள்.

பூச்சி கடலைக் கடந்தால் மட்டும் போதாது. இறங்கிய கரையில் ஓம்ஃபாலியா இல்லாவிட்டால் அந்தத் தலைமுறையோடு எல்லாம் முடிந்தது. செடி முன்னாலேயே போயிருக்க வேண்டும். அதற்கும் வழி இருந்திருக்கிறது. அமெரிக்க இனமான ஓம்ஃபாலியா டையாண்ட்ராவின் விதை தடித்த ஓடுள்ளது, நீரில் மிதக்கும். ஆற்றில் விழுந்து கடலுக்குப் போய், தொலைவிலுள்ள மணற்கரைகளில் ஒதுங்கும். கடல் ஒதுக்கும் விதைகளைச் சேகரிப்பவர்களுக்கு அது நன்கு அறிமுகமான விதை. எல்லா இனங்களும் இப்படித்தான் பரவின என்று நான் சொல்லமாட்டேன். செடிக்கும் கடல் ஒரு பாதையாக இருந்திருக்கிறது என்ற அளவுக்கு எனக்கு ஐயமில்லை.

இந்த வரிசையில் ஒரு பெயரைக் கடைசிக்கு ஒதுக்கிவைத்தேன். ஜமைக்காவின் யூரேனியா ஸ்லோனஸ். அமெரிக்க உறவினர்களில் மடகாஸ்கர் பூச்சிக்கு நிறத்தில் மிக நெருங்கியது என்று நான் நினைப்பது இதுதான். பச்சைப் பட்டைகளோடு, பின்னிறக்கையில் செம்பொன் நிறமும் உண்டு. பெயர், 1687 முதல் 1689 வரை ஜமைக்காவில் இருந்த, மருத்துவரும் இயற்கை மாதிரிகளைச் சேகரித்தவருமான ஹான்ஸ் ஸ்லோனை நினைவுகூர்கிறது. 1840-களில் அங்கே தங்கியிருந்த இயற்கையியலாளர் பிலிப் ஹென்றி காஸ் இவற்றை உயிரோடு பார்த்து எழுதியிருக்கிறார். உறுதியான கடைசிப் பதிவுகள் 1894, 1895 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அதன்பிறகு இல்லை. தாழ்நிலக் காடுகளை வெட்டித் தோட்டங்களாக்கியதுதான் காரணம் என்று கருதப்படுகிறது.

என்னை உறுத்துவது இதுதான்: ஜமைக்காவில் ஓம்ஃபாலியா இன்னும் இருக்கிறது. டிரையாண்ட்ரா என்ற இனம், மரமாக வளர்வது. செடி இருந்தும் பூச்சி இல்லை. இதுவரை படித்ததை வைத்துப் பார்த்தால் காரணம் ஓரளவு புரிகிறது. ஒரு வட்டாரத்துச் செடிகள் இலை உதிர்த்தாலோ நஞ்சேறினாலோ பறந்துபோய்ச் சேர வேறு வட்டாரம் இருக்க வேண்டும். எண்ணிக்கை பெருகுவதும் சரிவதுமாக வாழும் பூச்சிக்கு, சரிந்த காலத்தில் தப்பிப் பிழைக்கச் சில இடங்கள் வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கும் மரங்கள் அதற்குப் போதாது. 2016-இல் பழைய அருங்காட்சியக மாதிரிகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து, ஸ்லோனஸ் யூரேனியாவுக்குள் ஒரு தனி இனமே என்று உறுதிசெய்தார்கள். பூச்சி மறைந்து நூறாண்டுக்கு மேல் கழிந்தபிறகு அதன் சொந்தபந்தம் நமக்குத் தெரிந்தது.

மடகாஸ்கரின் நிலை இன்று அப்படி இல்லை. அந்திவண்ணப் பூச்சி இன்னும் ஏராளமாகப் பறக்கிறது. ஆனால் அந்தத் தீவின் காடுகள் வேகமாகக் குறைந்துவருகின்றன. கிழக்கே எரித்துப் பயிரிடுவதாலும், மேற்கே தீயாலும் மேய்ச்சலாலும். இந்தப் பூச்சியின் விஷயத்தில் ஒரு பக்கக் காட்டை மட்டும் காப்பாற்றினால் போதாது. மேற்கே மூன்று செடிகளும் செழித்திருந்தாலும், வறட்சி மாதங்களில் இலை தரும் நான்காவது செடி கிழக்கே இல்லாமல் போனால் பூச்சி எங்கே முட்டையிடும்? ஒரு தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அடக்கிவைக்கக்கூடிய உயிரினம் அல்ல இது. அந்திவண்ணப் பூச்சிக்கான எந்தப் பாதுகாப்புத் திட்டமும் ஓம்ஃபாலியா ஆப்போசிட்டிஃபோலியா எங்கெங்கே நிற்கிறது என்ற கணக்கிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து விற்கப்படும் பூச்சிகளில் பல வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து வருபவை. வளர்ப்பதற்கு முதலில் ஓம்ஃபாலியாவை நட வேண்டும், வேறு வழியே கிடையாது. ஆனால் அந்தச் சட்டங்களில் நான் பார்த்த எந்தச் சீட்டிலும் செடியின் பெயர் இல்லை. பூச்சியின் பெயரும் நாட்டின் பெயரும்தான். மடகாஸ்கருக்குப் போகிறவர்கள், குறிப்பாகப் படம் எடுக்கிறவர்கள், பூச்சி உட்கார்ந்த பூவோடு நிறுத்திக்கொள்ளாமல் பக்கத்தில் ஓம்ஃபாலியா இருக்கிறதா என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். இலையைத் திருப்பி அடிப்புறத்தைப் பாருங்கள், முட்டை இருக்கலாம். அந்தப் படத்தையும் எடுத்து, செடியின் பெயரோடு, இடத்தோடு, மாதத்தோடு போடுங்கள். இறக்கையின் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. ஆப்போசிட்டிஃபோலியாவின் நல்ல படம் ஒன்றைத் தேடி நான் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறேன்.